40 நிமிடக் கச்சேரி: எதைப் பாடுவது, எதை விடுவது?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கிறோம். சங்கீதப் பரீட்சையில் ஐந்தாம் தரம் சித்தியடைந்த என் 16 வயது மகளுக்கு, நவராத்திரி விழாவில் 40 நிமிடம் பாடும் சந்தர்ப்பம் கிடைத்திருக்கிறது. ஆசிரியை வர்ணம் என்னும் தொடக்க உருப்படி முதல் மங்களம் என்னும் முடிவுப் பாட்டு வரை ஒன்பது உருப்படிகளை எழுதித் தந்திருக்கிறார். கச்சேரி ஒழுங்குசெய்து கொடுக்கும் ஒருவர், பக்கவாத்தியம், ஒலிபெருக்கி, காணொளி எல்லாவற்றையும் ஒரே தொகைக்குத் தாமே பார்த்துக்கொள்வதாகவும், சனங்களுக்குத் தெரிந்த பாட்டு இரண்டை மேலும் சேர்க்கும்படியும் சொல்கிறார். இவ்வளவும் அடங்குமா?

பதில்: அடங்காது. ஒன்பதும் அடங்காது, அவர் சேர்க்கச் சொல்லும் இரண்டைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. ஆசிரியையின் பட்டியலில் பிழை இல்லை. அது பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைபெறச் செய்த கச்சேரிப் பத்ததி, அதாவது கச்சேரி அமைப்பு முறை. இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு உரியது. அதை 40 நிமிடத்துக்குச் சுருக்கினால் ஒவ்வொரு உருப்படியும் நான்கு நிமிடத்தில் முடிந்து, எந்த ராகமும் கேட்பவர் மனத்தில் தங்காமற் போகும். குறுகிய கச்சேரிக்கு ஒரே ஒரு பெரிய ராகத்தைத் தெரிவுசெய்து, நேரத்தில் பாதிக்கு மேல் அதற்கே கொடுத்துவிட்டு, மீதியை அதன் முன்னும் பின்னும் அளவாக அமைப்பதே சரியான வழி.

உங்களுக்குத் தரப்பட்ட 40 நிமிடம் பாடுவதற்குக் கிடைக்கும் 40 நிமிடம் அல்ல. மேடையில் அமர்ந்து சுருதி சேர்த்து ஒலிவாங்கியைச் சரிசெய்ய நான்கு நிமிடமாவது போய்விடும். ஆகவே 36 நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள். பெற்றோர்கள் கணக்கில் எடுக்க மறப்பது வயலினுக்கு உரிய நேரத்தை. பாட்டு வரிகள் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையை உங்கள் மகள் ஐந்து நிமிடம் செய்தால் வயலின் கலைஞர் மூன்று நிமிடமாவது வாசிப்பார். ஸ்வரங்களை மேடையிலேயே கற்பனை செய்து பாடும் கற்பனாஸ்வரத்திலும் அவள் பாடும் ஒவ்வொரு சுற்றுக்கும் அவருடைய பதில் உண்டு. வீட்டில் தனியாகப் பாடி மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, நேரம் போதும் என்று முடிவெடுப்பவர்கள் மேடையில் திண்டாடுவது இதனால்தான்.

நவராத்திரி என்பதால் அம்பாளைச் சுற்றி அமைக்கக்கூடிய ஒரு ஒழுங்கைச் சொல்கிறேன். தொடக்கமாக தீட்சிதரின் ‘ஸ்ரீ மஹாகணபதி ரவது மாம்’: கௌளை ராகம், மிஸ்ரசாபு தாளம், ஐந்து நிமிடம். அடுத்து முத்தையா பாகவதரின் ‘ஹிமகிரி தனயே’: சுத்ததன்யாசி, ஆதி தாளம், ஸ்வரம் எதுவும் சேர்க்காமல் விறுவிறுப்பாக நான்கு நிமிடம். அதன்பின் பிரதான உருப்படியாகக் கல்யாணியில் பாபநாசம் சிவனின் ‘உன்னையல்லால்’. ஆலாபனை ஐந்து, வயலின் மூன்று, கீர்த்தனை ஆறு, கற்பனாஸ்வரம் நான்கு, மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனியாவர்த்தனம் நான்கு என்று இது 22 நிமிடம் எடுக்கும். ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவல் வேண்டாம். இறுதியில் ஒரு திருப்புகழ் மூன்று நிமிடம், மங்களம் ஒரு நிமிடம். மொத்தம் 35.

இந்த ராகங்களைத் தெரிவுசெய்ததற்குக் காரணம் உண்டு. கௌளையில் சுத்த ரிஷபமும் அந்தர காந்தாரமும் வருகின்றன. சுத்ததன்யாசியில் ரிஷபமும் தைவதமும் இல்லை. காந்தாரம் சாதாரண காந்தாரம். கல்யாணியில் பிரதி மத்திமம் வருகிறது. இந்த ஸ்வரங்களின் பெயர்கள் தெரியாதவருக்கும் ஒவ்வொரு பாட்டும் புதிதாக ஒலிக்கும். ஹம்ஸத்வனி, ஆரபி, கல்யாணி என்று அடுக்கினால் மூன்றிலும் அந்தர காந்தாரமே வந்து, நேரம் குறைவாக இருந்தும் கச்சேரி நீண்டதுபோலத் தோன்றும்.

சனங்களுக்குத் தெரிந்த பாட்டு என்று அவர் குறிப்பது அனேகமாக ‘கற்பகவல்லி’யாக இருக்கும். இணுவில் வீரமணி ஐயர் இயற்றிய அந்தப் பாட்டைக் கொழும்பு மேடையில் பாடுவதை நானும் விரும்புகிறேன். ஆனால் அது ஆனந்தபைரவி, கல்யாணி, பாகேஸ்ரீ, ரஞ்சனி எனப் பல ராகங்களில் அமைந்த ராகமாலிகை. 22 நிமிடம் கல்யாணி கேட்டவர்களுக்கு மறுபடியும் கல்யாணியைக் கொடுக்கக்கூடாது. அதைப் பாடியே ஆகவேண்டுமென்றால் திருப்புகழை நீக்குங்கள். பிரதான ராகத்தைத் தோடிக்கோ பைரவிக்கோ மாற்றுங்கள். தீட்சிதர் அம்பாள்மேல் இயற்றிய கமலாம்பா நவாவரணக் கீர்த்தனைகளை இந்த வயதில், இந்த நேரத்துக்குள் தொடவேண்டாம். அவை நிதானமாகப் பாடப்படவேண்டியவை. அவசரத்தில் பாடினால் அவற்றுக்கும் நியாயம் செய்ததாகாது.

வர்ணத்தை விடுங்கள் என்றால் ஆசிரியை வருத்தப்படக்கூடும். ஆகவே வர்ணம் பாடத்தக்க ஒரே சந்தர்ப்பத்தை விளக்கமாகச் சொல்கிறேன். பிள்ளை தனியார் வகுப்பு முடிந்து நேரே மண்டபத்துக்கு வந்து, உள்ளே குரலைத் தயார்செய்ய ஓர் அறையும் கிடைக்காவிட்டால், முதற்பாட்டு கீர்த்தனையாக இருப்பதைவிட வர்ணமாக இருப்பது குரலுக்குப் பாதுகாப்பு. அப்போதும் அது கணபதி கீர்த்தனையின் இடத்தில் வரவேண்டும். அதற்கு மேலதிகமாக அல்ல. ஆதிதாள வர்ணமாக இருக்கட்டும். ஒரு சுற்றுக்கு 14 அட்சரம் (தாள எண்ணிக்கை) கொண்ட அடதாள வர்ணம் இந்த நேரத்துக்குப் பொருந்தாது. பிரதான ராகத்தில் அமைந்த வர்ணமும் ஆகாது. பல்லவியையும் அனுபல்லவியையும் இரண்டு காலத்தில் (வேகத்தில்) பாடிவிட்டுச் சரணத்தை விட்டுவிடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாம் காலத்தைத் தவிர்த்து, முழு வர்ணத்தையும் நடுத்தர வேகத்தில் ஒருமுறை பாடினால் ஐந்து நிமிடத்தில் முடியும். மண்டபத்தில் ஓர் அறை கிடைத்தால், அங்கே ‘ஆ’ என்று குரலைப் பழக்கும் அகாரசாதகத்தைப் பத்து நிமிடம் செய்துவிட்டுக் கீர்த்தனையோடு தொடங்குவதே மேல்.

இனி, ஒரே தொகைக்கு எல்லாம் செய்து தருகிறேன் என்பவரைப் பற்றி. இவரை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். இத்தகையோரால் கச்சேரிகள் கெடுவதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். பெற்றோரிடம் வாங்கும் தொகையில் வாத்தியக் கலைஞரின் கைக்குப் போவது எவ்வளவு என்பதை அவர்கள் சொல்வதில்லை. ஒத்திகைக்கு ஒரு மிருதங்கக் கலைஞரை அனுப்பிவிட்டு, கச்சேரி அன்று வேறொருவரை அனுப்புவார்கள். சில வேளை ஒத்திகையே இராது. சுருதி எத்தனை கட்டை, அதாவது பாடுபவரின் ஆதார சுருதி எவ்வளவு உயரம், என்பதைக்கூட அந்தக் கலைஞருக்கு முன்கூட்டியே சொல்வதில்லை. ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்பிள்ளைக்கு அந்தச் சுருதிக்குச் சேரும் மிருதங்கம் வேண்டும். தாழ்ந்த சுருதிக்குரிய வாத்தியத்தை மேடையில் அமர்ந்து அடித்தடித்து ஏற்றிக்கொண்டிருந்தால், உங்கள் நேரம் அங்கேயே கரைந்துபோகும். இவற்றையெல்லாம் விடப் பெரிய கேடு, பிரதம விருந்தினரின் பேச்சையும் பொன்னாடையையும் கச்சேரியின் நடுவே புகுத்துவதுதான். ஆலாபனை முடிந்து கீர்த்தனை தொடங்கும் நேரத்தில் அறிவிப்பாளர் ஒலிவாங்கியை எடுத்தால், அந்தப் பிள்ளை எழுப்பி வைத்த ராகம் முழுவதும் குலைந்துவிடும்.

எனவே வயலின், மிருதங்கக் கலைஞர்களுடன் நீங்களே தொலைபேசியில் பேசுங்கள். கட்டை, தாளங்கள், நேரம் மூன்றையும் சொல்லி, குறைந்தது ஓர் ஒத்திகைக்காவது அழையுங்கள். சன்மானத்தை அன்று மாலையே அவரவர் கையில் கொடுங்கள். பேச்சுகள் அனைத்தும் கச்சேரி முடிந்த பிறகே என்பதை விழாக் குழுவிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிக்காரரிடம் நீங்கள் கேட்கவேண்டியது ஒன்றே: பாடுபவருக்குத் தன் குரலும் சுருதியும் கேட்கும்படி மேடையில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி.

இவ்வளவும் ஒரு தாய் கேட்டறிய வேண்டியிருப்பது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. நம் பரீட்சைகள் பிள்ளைகளிடம் எத்தனை கீர்த்தனைகள் பாடம் என்று கேட்கின்றன. தரப்பட்ட நேரத்துக்குள் ஒரு கச்சேரியை அமைத்துக் காட்டு என்று கேட்பதில்லை. அரங்கேற்றத்துக்கு இரண்டரை மணி நேரம் பாடப் பழக்கப்படும் பிள்ளைக்கு, அதற்குப் பின் கிடைக்கும் மேடைகள் பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணி நேரமே என்பதை யாரும் சொல்வதில்லை. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடிய 78 சுழற்சி இசைத்தட்டுகளில் பழைய வித்துவான்கள் ராகத்தின் முகத்தைக் காட்டியிருக்கிறார்கள். வானொலியின் அரை மணி நேரக் கச்சேரிகளும் அதே கட்டுப்பாட்டை வளர்த்தன. ஆகவே குறுகப் பாடுவது நம் மரபுக்குப் புதிதல்ல, கற்பிக்காமல் விட்டிருக்கிறோம்.

விழா பிந்தித் தொடங்கி உங்கள் நேரத்தைக் குறைக்கச் சொன்னால், எதை விடுவது என்று முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள். முதலில் சுத்ததன்யாசியை முழுவதுமாக விடலாம். அடுத்து திருப்புகழை விடலாம். கல்யாணி ஆலாபனையில் கைவைக்க வேண்டாம். தனியாவர்த்தனத்தைக் குறைக்க நேர்ந்தால், மேடையேறுவதற்கு முன்பே மிருதங்கக் கலைஞரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். அப்போது அவர் தனியின் முடிவில் வாசிக்கும் மோராவையும் கோர்வையையும் கிடைக்கும் நேரத்துக்கு ஏற்ப அமைத்துக்கொள்வார்.