இமையை அறுத்தவரிடம் தூக்கம் கேட்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். படுத்தால் இரவு இரண்டு மணி வரை தூக்கம் வருவதில்லை. எங்கள் ஊரில் ஒரு மாஸ்டர் ‘போதிதர்மர் வழி’ என்று 21 நாள் பயிற்சி நடத்துகிறார். இரவு எட்டரையிலிருந்து பத்து வரை குங்ஃபூ, அதற்குப் பிறகு அரை மணி தியானம். தூக்கம் தானாக வரும் என்கிறார். கட்டணம் 8,500 ரூபாய். சேரலாமா?
- ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: கட்டணத்தை அப்புறம் பார்ப்போம். போதிதர்மர் என்ற பழைய பௌத்தத் துறவியின் பெயரைப் படித்ததுமே எனக்குத் தூக்கம் போய்விட்டது.

இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்கு விஷயம் தெரியும். ‘சீனாவுக்குக் குங்ஃபூ கற்றுக்கொடுத்தவர் காஞ்சிபுரத்துத் தமிழர்தானே?’ என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். ஆதாரம் இல்லை என்று நான் எழுதுவேன். அடுத்த வாரமே, நான் எந்த நாட்டுக் கைக்கூலி என்று விசாரித்துக் கடிதம் வரும். 2011-இல் ஒரு சினிமா வந்தபோது தபால்காரரே என்னை முறைத்தார்.

சரி, கடைசியாக ஒரு தடவை. (இதையும் போன தடவையே சொன்னேன்.) அவரைப் பற்றிக் கிடைக்கிற மிகப் பழைய சீனக் குறிப்பு ஆறாம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்டது. அதில் அவர் பாரசீகத்திலிருந்து வந்த துறவி. இன்னொரு பழைய குறிப்பு, தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. காஞ்சி இரண்டிலும் இல்லை. குத்தும் உதையும்கூட இல்லை. அவர் பெயரை உடற்பயிற்சியோடு முடிச்சுப் போடும் சீன நூலின் காலம் 1624. ஆள் போய் ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆனபிறகு! தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர் 1930-களிலேயே இந்தக் கதையைப் பிரித்து மேய்ந்துவிட்டார். சீன ஆய்வாளரே விட்டுக்கொடுத்ததை நாம்தான் விட மாட்டேன் என்கிறோம்.

போகட்டும், கதையையே நம்புவோம். நம்புவதானால் முழுக்கதையையும் நம்ப வேண்டும் இல்லையா? ஒன்பது வருடம் சுவரைப் பார்த்துக்கொண்டு தியானம் செய்தாராம் போதிதர்மர். நடுவில் ஒருநாள் கண் அசந்துவிட்டது. விழித்ததும் அவருக்கு வந்த கோபத்தில் இமைகள் இரண்டையும் அறுத்து வீசினார். அவை விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்தது. ஜப்பானில் தகாசாகி என்ற ஊரில் செய்கிற சிவப்பு தாருமா பொம்மை இவர்தான். உருட்டி விழிக்கும், இமை கிடையாது. வாங்கும்போது கண்மணியும் இருக்காது. வேண்டிக்கொண்டு ஒரு கண்ணை வரைய வேண்டும். வேண்டியது கிடைத்தால் மறு கண்ணையும் வரைய வேண்டும். அதாவது உங்கள் வேண்டுதல் பலித்து நீங்கள் குறட்டை விடும் நாளில், பாவம், அவர் இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு காவல் இருப்பார். தூங்கியதற்காக இமையை அறுத்துக்கொண்டு, போதாததற்கு உலகத்துக்கு டீயையும் கொடுத்துவிட்டுப் போனவர் பெயரில் தூக்கப் பயிற்சி! அந்த மாஸ்டருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

அவர் மட்டுமா? தியானத்தில் தூங்கி வழிந்த தன் சீடர் மொக்கல்லானருக்கு புத்தர் சொன்ன யோசனைகள் பாலி நூல்களில் இருக்கின்றன. காதைப் பிடித்து இழு, கண்ணைக் கழுவு, நட்சத்திரங்களைப் பார், எழுந்து நட. எதுவும் பலிக்காவிட்டால்தான் படுக்க அனுமதி, அதுவும் சீக்கிரம் எழுந்துவிடுவேன் என்ற நினைப்போடு. ஜென் மடங்களில் தூங்கி விழுபவரின் தோளில் தட்ட ஒரு பட்டைக் கழியே வைத்திருக்கிறார்கள். விபாசனா தியான முகாமில் காலை நாலு மணிக்கு மணியடிக்கும். தியானக்காரர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு வருடமாகத் தூக்கத்தோடு மல்லுக்கட்டியவர்கள்.

ஆனாலும் நீங்கள் கேட்டதில் விஷயம் இருக்கிறது. தாய் சி என்ற சீனத் தற்காப்புக் கலையை முதியவர்கள் பூங்காவில் மெதுவாக ஆடுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஹாங்காங்கில் தூக்கமில்லாத, அறுபது வயது தாண்டிய 320 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் மூன்று மணி நேரம் தாய் சி, பன்னிரண்டு வாரம். இன்னொன்றுக்கு வேகநடையும் தசைப்பயிற்சியும். மூன்றாவது குழு எப்போதும்போல இருந்தது. 2021-இல் வந்த முடிவு: தாய் சிக்காரர்களுக்குத் தூக்கம் கூடியது, இரண்டு வருடம் கழித்தும் பலன் நின்றது. இதுவரை சுவரொட்டியில் போடுவார்கள். அதற்கு அடுத்த வரியைப் போட மாட்டார்கள். நடந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான்.

தாய் சி பரம ரகசியமும் இல்லை. பலரும் இன்று கற்கிற 24 அசைவு முறை, எல்லோருக்கும் எளிதாக இருக்கட்டும் என்று 1956-இல் சீன அரசின் விளையாட்டுக் குழு சுருக்கிக் கொடுத்தது. நம்முடைய மொழிவாரி மாநிலங்களின் வயதுதான் அதற்கும்.

தியானத்துக்கும் ஒரு ஆய்வு உண்டு. 2015-இல் அமெரிக்காவில் 49 முதியவர்கள், ஆறு வாரம். ஒரு பாதிக்குத் தூக்கத்துக்கான நல்ல பழக்கங்களைப் பாடம் நடத்தினார்கள். மறு பாதிக்கு வருகிற எண்ணத்தை வந்தபடி கவனித்துவிட்டு விடுகிற பயிற்சி. இரண்டாவது பாதிக்குத் தூக்கம் கூடுதலாகத் தேறியது. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். இரவு இரண்டு மணிக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ‘இப்போது தூங்கினால்கூட நாலு மணி நேரம்தான், நாளைக்குக் கணக்கு இடிக்கும்’ என்று இருட்டில் ஐந்தொகை போடுகிறீர்கள். அந்தக் கணக்குத்தான் உங்களை எழுப்பி உட்கார வைக்கிறது.

மருத்துவர்கள் இதற்கென்றே ஒரு நடத்தைச் சிகிச்சை வைத்திருக்கிறார்கள். தூக்கம் வராவிட்டால் படுக்கையைவிட்டு எழுந்துவிட வேண்டும். வீணாகப் புரளும் நேரத்தைக் குறைக்க வேண்டும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் முயல வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016-இல் சொன்னது. இதில் எதுவும் 8,500 ரூபாய் கேட்காது.

இனி அந்த எட்டரை மணி. உடம்பின் உள்சூடு இறங்கினால்தான் தூக்கம் வரும். நீங்கள் குழல்விளக்கு வெளிச்சத்தில் பத்து மணி வரை உதைத்துவிட்டு, அரை மணி கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு, பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து நாமக்கல்காரருக்கே உரிய முறையில் நாலு முட்டைத் தோசை சாப்பிட்டால், இரண்டு மணி மூன்றாகும். களரிக்காரர்கள் வழக்கமாக விடியலில் பழகுவார்கள், அது புத்திசாலித்தனம். சேராதீர்கள். காலையில் நடங்கள், சிலம்பம் தெரிந்தவர் கிடைத்தால் சுற்றுங்கள்.

காலை என்றதும் எங்கள் தெருக் கூம்பு ஒலிபெருக்கி நினைவுக்கு வருகிறது. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை அது வாயைத் திறக்கக்கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஆடி மாதத்தில் நாலரைக்கே திறக்கிறது. புகார் சொல்லப் போனால், ‘சார், உங்களுக்குத் தூக்கம் வரலைன்னா தியானம் பண்ணுங்களேன்’ என்று ஆலோசனை கிடைக்கிறது.

ஒன்று மறந்தேன். நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு முட்டுகிறதா என்று வீட்டில் கேளுங்கள். ஆம் என்றால் மாஸ்டரை விட்டு மருத்துவரிடம் போங்கள், அது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் மூச்சுத்தடையாக இருக்கலாம். அதற்கும் ஒரு வினோதப் பயிற்சி உண்டு. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஊதும் டிஜெரிடூ என்ற நீளக் குழலை, மிதமான மூச்சுத்தடை உள்ளவர்களை நாலு மாதம் ஊத வைத்துப் பார்த்தார்கள் சுவிட்சர்லாந்தில். மூச்சுத்தடையும் பகல் தூக்கமும் குறைந்தன. பக்கத்தில் படுத்தவர்களும் நிம்மதியாகத் தூங்கினார்கள். 2006-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு. 2017-இல் இதற்குக் கேலி நோபல் பரிசும் கிடைத்தது, அமைதிக்காக! மருத்துவரைக் கேட்டுவிட்டு வேண்டுமானால் ஊதிப் பாருங்கள். ஒரே நிபந்தனை, இரவு பத்துக்குள் முடித்துவிடுங்கள்.