சுகாதாரத் துறைப் புள்ளியியல் வேலை: கேள்வி பதில்

எம்.எஸ்சி. மாணவி, திருச்சி: இந்த வேலைக்கு எப்படி வருவது மேடம்?

மாநில அரசில் வட்டாரச் சுகாதாரப் புள்ளியியலாளர் பதவி உண்டு, டி.என்.பி.எஸ்.சி. வழியாக. மத்திய அரசுக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு. ஆராய்ச்சிதான் ஆசை என்றால் அம்பத்தூர் பக்கம் ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப் பரவலியல் நிலையம் இருக்கிறது. அதன் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

ராஜா: எந்த கோச்சிங் சென்டர் நல்லது?

தெரியாது. பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பாருங்கள்.

நிருபர்: ஒரு மாவட்டத்தில் தாய் இறப்பு ஒரே வருஷத்தில் 8-லிருந்து 14 ஆகிவிட்டது. செய்தி போடலாமா?

எத்தனை பிறப்புக்கு 14? அதை முதலில் கேளுங்கள். 2018-20இல் தமிழ்நாட்டின் விகிதம் லட்சம் பிறப்புக்கு 54. அந்தக் கணக்கில் 20,000 பிறப்புள்ள மாவட்டத்தில் 11 இறப்பு வரலாம். ஒரு வருஷம் 8, அடுத்த வருஷம் 14 என்பது தற்செயலாகவே நடக்கும். பிறப்பு இறப்பைக் கணக்கிடும் மத்திய அரசின் மாதிரிப் பதிவுத் திட்டமே மூன்று வருஷத்தைச் சேர்த்துத்தான் இந்த விகிதத்தை வெளியிடுகிறது. 14 பேர் ஏன் இறந்தார்கள் என்று எழுதுங்கள், அது செய்தி.

அரசு மருத்துவர், மதுரை: இறப்புச் சான்றில் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று எழுதினால் திருப்பி அனுப்புகிறீர்கள். இதயம் நிற்காமல் யார் சாகிறார்கள்?

அதையேதான் நானும் கேட்கிறேன் டாக்டர்! எல்லாருக்கும் நிற்பதை எழுதி என்ன பயன்? சாகும் விதத்தை எழுதாதே, நோயை எழுது என்று நீங்கள் நிரப்பும் இறப்புக் காரணச் சான்றான படிவம் 4-லேயே அச்சடித்திருக்கிறது. கால் புண்ணோடு வந்த சர்க்கரை நோயாளி என்று வையுங்கள். முதல் வரியில் செப்டிக் ஷாக் (கிருமித் தொற்று முற்றி ரத்த அழுத்தம் விழுவது), அடுத்து காலில் கேங்ரீன் (சதை அழுகல்), கடைசி வரியில் எல்லாவற்றையும் தொடங்கிவைத்த சர்க்கரை நோய். பொதுவாக நாங்கள் எண்ணுவது அந்தக் கடைசி வரியைத்தான். நீங்கள் 'அரெஸ்ட்' என்று முடித்தால் ஒரு சர்க்கரை நோய் மரணம் கணக்கிலேயே வராது. இப்படி வருபவற்றுக்கு எங்கள் வட்டாரத்தில் குப்பைக் குறியீடு என்று பெயர்.

அதே மருத்துவர்: கொண்டு வரும்போதே இறந்திருந்தால்?

அப்போது அது உங்கள் படிவமே இல்லை. கடைசி நோய்க்குச் சிகிச்சை பார்த்தவர்தான் தர வேண்டும். பார்த்தும் காரணம் பிடிபடவில்லை என்றால் 'தெரியவில்லை' என்று எழுதுங்கள். அதுவும் குப்பைதான், ஆனால் நேர்மையான குப்பை.

ராஜா: கோச்சிங் பற்றிச் சொல்லவில்லையே?

சொல்லியாயிற்று தம்பி.

ஹவுஸ் சர்ஜன்: மேடம், ராத்திரி டியூட்டியில் நாங்கள்தான் நிரப்புகிறோம். யாரும் சொல்லித் தருவதில்லை.

இதில் நான் உங்கள் பக்கம். கேஸ் ஷீட்டில் முதல் நாள் எழுதிய நோயைப் பாருங்கள். பெரும்பாலும் கடைசி வரி அங்கேயே இருக்கும்.