மாமியாரும் பிள்ளைகளும் சேர்ந்து நடக்க: கடலூர், புதுச்சேரி பக்கத்து எளிய வழிகள்

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். "ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு எங்காவது நடந்துவிட்டு வர விரும்புகிறோம். மாமியாருக்கு 67 வயது. முழங்கால் தேய்மானம் இருப்பதால் அரை மணி நேரம் நடந்தால் சற்று உட்கார வேண்டும். பிள்ளைகளுக்கு 9, 12 வயது. வெள்ளிக் கடற்கரை அலுத்துவிட்டது. ஆற்றங்கரை, மரநிழல், பழைய கோயில் அல்லது கோட்டை என்று ஏதேனும் உள்ள எளிய வழிகளைச் சொல்வீர்களா? ஐப்பசியிலேயே தொடங்கலாமா?"

பதில்: மலைநாட்டில் நடைவழியை ஏற்றத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் ஏற்றம் என்பது அநேகமாக இல்லை. இங்கே ஒரு வழி எளியதா கடினமா என்பதைத் தீர்மானிப்பவை வெயிலும் காலடி மண்ணும்தான். நிழலுள்ள கெட்டித் தரையில் இரண்டு கிலோமீட்டர் சிரமமில்லாமல் நடக்கிற ஒருவர், உலர்ந்த மணலில் அரைக் கிலோமீட்டரிலேயே தளர்ந்துவிடுவார். மணலில் ஒவ்வோர் அடிக்கும் குதிகால் புதைய, அதை மீட்டெடுக்கும் வேலை முழங்காலின்மேல் விழுகிறது. வெள்ளிக் கடற்கரை உங்களுக்கு அலுத்துவிட்டது என்கிறீர்கள். உங்கள் மாமியாரின் முழங்காலுக்கு அது முன்பே அலுத்திருக்கும்.

பேசிக்கொண்டே நிதானமாக நடந்தால் அவர் அரை மணி நேரத்தில் ஒன்றரைக் கிலோமீட்டருக்குமேல் கடக்க மாட்டார். ஆகவே போகும் தூரம் அதற்குள் இருக்கட்டும். முடிகிற இடத்தில் ஒரு கோயில் மண்டபமோ திண்ணையோ டீக்கடை பெஞ்சோ இருக்கட்டும். திரும்புவதற்கு ஆட்டோ கிடைக்கும் இடமாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் நம் பக்கத்தில் மனிதரைச் சோர்வடையச் செய்வது திரும்பும் நடையே. திசையையும் கொஞ்சம் யோசியுங்கள். விடிந்தவுடன் கிழக்கு நோக்கிப் புறப்பட்டால் அந்த நேரத்து வெயில் முகத்தில் பட்டாலும் உறைக்காது. அது ஏறிய பிறகு மேற்கு நோக்கித் திரும்பும்போது முதுகுப் பக்கம் போய்விடும்.

முதலில் போக வேண்டிய இடம் என்று என்னைக் கேட்டால் பாகூரைத்தான் சொல்வேன். கடலூரிலிருந்து புதுச்சேரி சாலையில் வந்து, கன்னியக்கோயிலில் மேற்கே திரும்பினால் சில கிலோமீட்டரில் ஊர் வந்துவிடும். புதுச்சேரி வட்டாரத்தில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரி. தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக இதற்குத் தண்ணீர் வருகிறது. நம் கரையோர மாவட்டங்களில் நிலம் கடலை நோக்கிச் சரிவதால் ஏரிக்கரைகள் பெரும்பாலும் நீர்ப்பரப்பின் கிழக்குப் பக்கமாக அமைந்திருக்கும். அதில் நடப்பவருக்கு ஒரு லாபம் உண்டு: கரையின் வெளிச்சரிவில் நிற்கும் பனையும் மற்ற மரங்களும் காலை வெயிலை மறித்துக் கரையின்மேல் நிழல் போடும். அதே கரையில் மாலை ஐந்து மணிக்கு நடந்தால் ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்பும் மேற்கு வெயில் கண்ணைக் கூசச் செய்யும். எனவே ஏரிக்கரை நடை காலைக்கே உரியது. தை, மாசியில் ஏரி நிறைந்திருக்கும்போது நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்பதைப் பிள்ளைகள் பார்க்கலாம்.

கரையில் ஒரு கிலோமீட்டர் நடந்துவிட்டு ஊருக்குள் வந்து மூலநாதர் கோயிலில் உட்காருங்கள். இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில். இதன் சுவர்க் கல்வெட்டுகளில் சோழர் பெயர்களோடு, வடக்கேயிருந்து படையெடுத்து வந்த இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் பெயரும் 'கன்னரதேவன்' என்று இருக்கிறது. பள்ளி செல்லும் பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொரு செய்தியும் உண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடுகள், இவ்வூரில் இருந்த ஒரு கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களின் வருவாய் வழங்கப்பட்டதைப் பதிவு செய்திருக்கின்றன. கல்வெட்டை வாசிப்பதற்காக அதன்மேல் சுண்ணப்பொடியோ விபூதியோ தடவ வேண்டாம். காலை ஏழு மணி வாக்கில் சாய்வாக விழும் வெயிலில், சுவரில் இருக்கும் எழுத்துகள் தாமாகவே தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது வழி அரிக்கமேடு. அரியாங்குப்பத்தில் பிரதான சாலையிலிருந்து கிழக்கே விலகி, காக்காயந்தோப்பு வழியாகச் சென்றால் அரியாங்குப்பம் ஆற்றின் தென்கரையில் மாவும் தென்னையும் நிற்கும் மேட்டுத் தோப்பு வரும். 1945-இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் இங்கே அகழாய்வு நடத்தி, ரோமானியர் காலத்து இத்தாலியில் செய்த மெருகேற்றிய சிவப்பு மட்கலங்களின் உடைசல்களையும் மது கொண்டுவந்த கூர்முனைச் சாடிகளின் துண்டுகளையும் கண்டெடுத்தார். அவை செய்யப்பட்ட காலம் தெரிந்திருந்ததால், அவற்றை வைத்துத்தான் தென்னிந்தியத் தொல்லியலுக்கே ஒரு காலக்கணக்கு கிடைத்தது. அவருக்குப் பின் பிரெஞ்சு ஆய்வாளர் கசாலும், 1989 முதல் விமலா பெக்லியின் குழுவினரும் தோண்டினார்கள். கிரேக்க மாலுமி ஒருவரின் கடல்வழிக் குறிப்பில் வரும் 'பொதுகே' துறைமுகம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

ஆனால் ஒன்றை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். தோண்டிய குழிகள் மூடப்பட்டுவிட்டன. ரோமானியக் கட்டடம் எதையும் அங்கே பார்க்க முடியாது. மரங்களுக்கிடையே நிற்கும் செங்கல் சுவரைக் காட்டி 'ரோமானியர் கட்டியது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய இல்லத்தின் எச்சம். இங்கே கிடைத்த பொருள்களைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காணலாம். மழை பெய்து ஓய்ந்த மறுவாரம் சென்றால் காலடியில் மட்பாண்டச் சில்லுகளும், சில சமயம் கண்ணாடி மணிகளும் மண்ணிலிருந்து எட்டிப் பார்க்கும். குனிந்து பார்க்கலாம், எடுத்து வரக் கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்திலிருந்து எதையும் கொண்டு செல்வது சட்டப்படி குற்றம். தோப்புக்குள் தரை கெட்டியாகவும் நிழலாகவும் இருப்பதால் முழங்காலுக்கு இதைவிட இதமான இடம் அருகில் இல்லை. ஆற்றின் விளிம்புக்கு மட்டும் போக வேண்டாம். கடல் ஏற்றத்தில் நனைந்து இறக்கத்தில் காயும் அந்தச் சேறு மேலே உலர்ந்ததுபோல் காட்டி, கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே இழுக்கும்.

உங்கள் வீட்டுக்கு அருகிலேயே இருப்பது திருவந்திபுரம். கெடிலக் கரையில் தேவநாதப் பெருமாள் கோயிலும், எதிரே ஔஷதகிரி என்னும் சிறு குன்றின்மேல் ஹயக்ரீவர் சந்நிதியும் உள்ளன. குன்றுக்கு 74 படிகள். தேய்ந்த முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதே அதிக வலி தரும் என்பதால், மாமியார் கீழே மண்டபத்தில் இருக்கப் பிள்ளைகளை மட்டும் மேலே அழைத்துச் செல்லுங்கள். பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் இந்த ஊருக்குக் கிளம்ப வேண்டாம். முகூர்த்த நாளாக இருந்தால் வரிசையாகத் திருமணங்கள் நடக்கும். வேன்களுக்கும் மேளத்துக்கும் நடுவே நடைக்கு இடமே இருக்காது.

கோட்டை என்று கேட்டிருந்தீர்கள். தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையின் வரலாறு பெரியது, கண்ணுக்குத் தெரிவது சொற்பம். 1690-இல் ஆங்கிலேயர் இதை மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை உள்ள நிலமும் அவர்களுக்கு என்பது பேச்சு. அப்படி வந்து சேர்ந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயராயிற்று. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துவிட்டார். கடற்கரைக்குப் போகிற ஒரு நாளில் வழியில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் போதும்.

காட்டுநிழல் வேண்டுமென்றால் புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் காடு உகந்தது. இந்தக் கரையோரத்தின் இயற்கையான உலர் பசுமைமாறாக் காட்டில் எஞ்சிய துண்டுகளில் இதுவும் ஒன்று. வீரையும் காயாவும் கோடையிலும் இலை உதிர்க்காமல் நிற்பதால் பங்குனி, சித்திரையிலும் நிழல் குறையாது. சாமிக்காடு என்பதால் கிளை ஒடிக்காமல், பாதையை விட்டு உள்ளே நுழையாமல் நடக்க வேண்டும். சங்கராபரணிக் கரையிலுள்ள திருவக்கரைக் கல்மரப் பூங்காவைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்: சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்குமுன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள், நார்வரி மாறாமல் கல்லாகிக் கிடக்கின்றன. ஆனால் அது நிழல் குறைந்த செம்மண் சரளைத் தரை. ஒன்பது மணிக்குமேல் பெரியவர்களுக்கு ஒத்துவராது.

காலணி பற்றி ஒரு வார்த்தை. நம் ஆற்றங்கரைகள் எல்லாவற்றிலும் சீமைக் கருவேலம் மண்டியிருக்கிறது. அதன் முள் ரப்பர்ச் செருப்பின் அடியை ஊடுருவி உள்ளங்காலைத் தைக்கும். கெட்டியான அடியுள்ள, குதிகாலை மூடிய காலணி எல்லோருக்கும் வேண்டும். மாமியாருக்கு ஒரு கைத்தடி கொடுங்கள். முழங்காலின் பாரத்தைக் கொஞ்சம் அது வாங்கிக்கொள்ளும், தெருநாய்களும் தள்ளி நிற்கும். வழியில் கழிப்பறை இருக்குமென்று எண்ணிக் கிளம்ப வேண்டாம். பெண்கள் பலர் இதனாலேயே தண்ணீர் குடிக்காமல் நடந்து மயங்குகிறார்கள். நடையை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐப்பசியில் தொடங்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் கெடிலமும் தென்பெண்ணையும் எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைக் கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, மேலேயிருந்து வந்த தண்ணீரில் தென்பெண்ணை கரைபுரண்டது. உள்ளூரில் மழை விட்டுவிட்டது என்பதை மட்டும் வைத்து ஆற்றங்கரைக்குப் போவது பிசகு. நீர் வடிந்த பின்னும் ஊறிய கரை சில வாரங்கள் சரியக்கூடும். வளைகளில் தண்ணீர் புகுந்ததால் பாம்புகளும் மேட்டுக்கு வந்திருக்கும். பொங்கல் கழிந்து பாகூரில் தொடங்குங்கள். அதுவரை மழை இல்லாத ஞாயிறுகளில் புதுச்சேரித் தாவரவியல் பூங்காவுக்குப் போய் வரலாம். பிரெஞ்சுக்காரர்கள் 1826-இல் தொடங்கிய அந்தத் தோட்டத்தில் சமதளப் பாதையும் பழைய பெருமரங்களின் நிழலும் இருக்கின்றன. உங்கள் மாமியாரால் எவ்வளவு தூரம் நோகாமல் நடக்க முடிகிறது என்பதை அங்கே அளந்து வைத்துக்கொண்டால், தை மாதத்தில் ஏரிக்கரையில் எந்த இடத்தில் திரும்புவது என்று ஊகிக்க வேண்டியிருக்காது.