பீரங்கிக் குழாய் மேல் ஒரு நாற்காலி: கேள்வி பதில்

விமானப்படையில் தரைப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கிரண், அஜீத் இரண்டு விமானங்களின் எஜெக்‌ஷன் சீட்டுகளையும் கழற்றி, சோதித்து, மாட்டியிருக்கிறேன். ஆபத்தில் விமானியை நாற்காலியோடு சேர்த்து வெளியே தூக்கி எறியும் சீட் அது. இந்த வேலையைச் சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. பழைய சங்கதிகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன். "வெளியேற்று இருக்கை" என்று தமிழில் எழுதலாம். ஆனால் நாற்பது வருடமாக வாயில் பழகியது சீட் என்பதுதான், அப்படியே விடுகிறேன்.

பாலா, கோவை: இதை முதலில் கண்டுபிடித்தது ஜெர்மனியா, பிரிட்டனா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

யோசனை என்று பார்த்தால் இரண்டுக்கும் முன்பே வந்துவிட்டது. எவரார்ட் கால்த்ராப் என்ற ஆங்கிலேயர் 1916-லேயே அழுத்தக் காற்றால் விமானியை வெளியே தள்ளும் யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். ருமேனியாவின் அனஸ்தாஸ் டிராகோமிர் 1929-ல் பாரிஸ் அருகே ஒன்றைப் பரிசோதித்தும் காட்டினார்.

ஆனால் உயிரைக் காப்பாற்றியது எது என்று கேட்டால் ஜெர்மனிதான். 1942 ஜனவரி 13. ஹைன்கல் 280 என்ற ஜெட் விமானத்தின் எஞ்சின்களைக் கழற்றிவிட்டு, வேறு வகை எஞ்சினைச் சோதிப்பதற்காகக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். ஓட்டியவர் ஹெல்முட் ஷெங்க். கொட்டும் பனி. சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் விமானம் உறைந்துபோய்ச் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கயிற்றைக் கழற்றிவிட்டார், சீட்டை இயக்கினார், பாராசூட்டில் இறங்கினார். அந்த சீட்டைத் தள்ளியது வெடிமருந்து இல்லை, அழுத்தக் காற்று.

அப்படியானால் பிரிட்டன் என்ன செய்தது? மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்று அளந்து, அந்த அளவுக்குள் சீட்டைக் கட்டியது. கீழே அதைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

ஷர்மிளா, திருச்சி: பாராசூட்தான் இருந்ததே? கதவைத் திறந்து குதித்தால் போதாதா?

மெதுவாகப் பறக்கும்வரை போதும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. தாழ்வான உயரத்தில் மணிக்கு 320 மைல் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஒரு டன்னுக்கும் அதிகமான விசை மோதும். அதற்குள் தலையை நீட்டி, தோளை நீட்டி, காலை இழுத்து வெளியே வர வேண்டும். வந்த பிறகும் வால் உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும்.

அதற்கு முன் விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியே திறக்காது. பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தில் மூடி பின்பக்கம் நகர்வது. வேகத்தில் சிக்கிக்கொள்ளும் என்பதால் காக்பிட் கதவில் ஒரு கடப்பாரையே மாட்டி வைத்திருந்தார்கள். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் மூடி பக்கவாட்டில் கீல் போட்டது, கனமான சட்டம். பறக்கும்போது திறக்க முடியாது, கழற்றித்தான் எறிய வேண்டும். இன்னொரு ஜெர்மன் விமானமான ஃபோக்க-வுல்ஃப் 190-இல் இன்னும் வேடிக்கை. காற்று மூடியை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அதைத் தள்ள ஒரு சின்ன வெடித் தோட்டா வைத்தார்கள். மூடியைத் தள்ளத் தோட்டா வைத்தவர்களுக்கு ஆளைத் தள்ளவும் தோட்டா வைக்கலாம் என்று தோன்ற வெகுநேரம் ஆகாது.

கதிர், சென்னை: லங்காஸ்டர், ஹாலிஃபாக்ஸ் ஒப்பீடு பற்றி ஒரு வரி சொல்லுங்கள்.

ஒரு வரியில் முடியாது. இரண்டும் இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள். இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் இளம் வயதில் அவற்றை இயக்கிய பிரிட்டிஷ் பாம்பர் கமாண்டின் ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தவர். சுட்டு வீழ்த்தப்பட்ட விமானங்களிலிருந்து எத்தனை பேர் தப்பினார்கள் என்ற கணக்கை அவர் பின்னாளில் எழுதினார். பகலில் பறந்த அமெரிக்க பாம்பர்களில் பாதிப் பேர். ஹாலிஃபாக்ஸில் 25 சதவீதம். லங்காஸ்டரில் 15 சதவீதம்.

லங்காஸ்டர் அதிக குண்டு சுமக்கும், அதிக உயரம் பறக்கும், எல்லோரும் புகழ்ந்த விமானம். ஆனால் அதன் தப்பிக்கும் துவாரத்தின் அகலம் 22 அங்குலம், ஹாலிஃபாக்ஸில் 24. தடித்த உடுப்பும் பாராசூட்டும் மாட்டிய ஆள், இருட்டில், சுழன்று விழும் விமானத்தில், அந்த இரண்டு அங்குலத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. துவாரத்தைப் பெரிதாக்கச் சொல்லி டைசனின் சக ஊழியர் ஒருவர் அலைந்தார். அனுமதி வருவதற்குள் போர் முடிந்துவிட்டது.

குதிரைத்திறனையும் வேகத்தையும் அட்டவணை போட்டு விமானங்களை ஒப்பிடுகிறவர்கள் இந்த அங்குலக் கணக்கையும் ஒரு வரிசையில் சேர்த்தால் தேவலை.

நவீன், பெங்களூரு: போர்க்காலத்தில் எந்தெந்த விமானங்களில் சீட் இருந்தது? ஏன் எல்லாவற்றிலும் இல்லை?

பட்டியலைப் பார்த்தாலே காரணம் புரியும். டோர்னியர் 335-க்கு முன்னால் ஒரு புரொப்பெல்லர், வாலில் ஒரு புரொப்பெல்லர். சும்மா குதித்தால் அம்மியில் அரைபடுவது போலத்தான். சீட்டோடு கூட, பின் புரொப்பெல்லரையும் மேல் வால் துடுப்பையும் வெடித்துக் கழற்றும் போல்ட்டுகளும் இருந்தன. ஸ்வீடனின் சாப் 21-க்கும் புரொப்பெல்லர் விமானியின் முதுகுக்குப் பின்னால். ஹைன்கல் 162-க்கு ஜெட் எஞ்சின் தலைக்குப் பின்னால், முதுகில் உப்பு மூட்டை ஏறியது போல. ஆக, ஆபத்து பின்னால் கண்ணெதிரே தெரிந்த விமானத்துக்கெல்லாம் சீட் வந்தது. விதிவிலக்கு ஹைன்கல் 219 என்ற இரவுப் போர்விமானம். அழுத்தக் காற்று சீட்டை இரண்டு பேருக்கும் வைத்துக்கொண்டு படைக்கு வந்த முதல் விமானம் அது.

வால் சாதாரணமாக இருந்த விமானங்களுக்கு "குதித்துக்கொள்வார்கள்" என்று விட்டுவிட்டார்கள். போர்க்களம் கண்ட முதல் இரண்டு ஜெட் போர்விமானங்கள் மெஸ்ஸர்ஷ்மிட் 262-உம் பிரிட்டனின் மீட்டியாரும். அன்று இரண்டிலும் சீட் கிடையாது. அமெரிக்காவின் பி-80-இலும் இல்லை. எதிரி விமானங்களை அதிகம் வீழ்த்திய அமெரிக்க விமானி ரிச்சர்ட் பாங் 1945 ஆகஸ்ட் 6 அன்று பி-80-இல் எஞ்சின் நின்று, மிகத் தாழ்வில் குதித்து இறந்தார்.

இளங்கோ, யாழ்ப்பாணம்: பிரிட்டனில் முதலில் உட்கார்ந்து பார்த்தது யார்? விமானியா?

இல்லை, ஒரு ஃபிட்டர். எனக்குப் பிடித்த பகுதியே இதுதான்.

மார்ட்டின்-பேக்கர் கம்பெனியை நடத்தியவர் ஜேம்ஸ் மார்ட்டின். கூட்டாளியும் நண்பருமான கேப்டன் வாலன்டைன் பேக்கர் 1942 செப்டம்பரில் அவர்களுடைய எம்.பி.3 விமானத்தைச் சோதிக்கும்போது எஞ்சின் நின்று இறந்துபோனார். இரண்டு வருடம் கழித்து, வேகமான விமானங்களிலிருந்து தப்பிக்க ஒரு வழி சொல்லுங்கள் என்று அரசாங்கம் மார்ட்டினிடமே வந்தது. விமானத்தின் முதுகில் ஒரு நீண்ட கையை வைத்து, ஸ்பிரிங் விசையால் விமானியைத் தூக்கி வீசலாம் என்பது அவருடைய முதல் யோசனை. பிறகு அதை விட்டுவிட்டு, தோட்டா வெடித்து நீளும் குழாய்க்கு மாறினார்.

தொழிற்சாலையில் 16 அடி உயரத்துக்கு முக்காலி போல ஒரு சாரம் கட்டி, தண்டவாளத்தில் சீட்டை ஏற்றினார்கள். 1945 ஜனவரி 20 அன்று 200 பவுண்டு எடையை வைத்துச் சுட்டார்கள். நான்கே நாள் கழித்து பெர்னார்ட் லிஞ்ச் என்ற ஊழியர் ஏறி உட்கார்ந்தார். 4 அடி 8 அங்குலம் மேலே போனார். ஒன்றும் ஆகவில்லை. மருந்தைக் கூட்டிக் கூட்டி இன்னும் மூன்று முறை. 10 அடியைத் தொட்டபோதுதான் உடம்பு வலிக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு ஒரு பத்திரிகையாளர் நானும் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று ஏறினார். அவருக்கு இடுப்புப் பக்கத்து முள்ளெலும்பு நசுங்கிவிட்டது.

மீரா, மதுரை: முதலாமவர் தப்பினார், இரண்டாமவருக்கு எலும்பு நசுங்கியது. ஏன்? நான் பிசியோதெரபி படிக்கிறேன்.

மார்ட்டினையும் இந்தக் கேள்விதான் உலுக்கியது. அதுவரை எல்லோரும் உச்ச விசையை மட்டுமே பார்த்தார்கள். அந்த உச்சத்தை எவ்வளவு சீக்கிரம் அடைகிறோம் என்பதுதான் எலும்பை உடைக்கிறது என்று அவர் புரிந்துகொண்டார். பேருந்து ஓட்டுநர் கிளச்சை மெல்ல விட்டாலும் வெடுக்கென்று விட்டாலும் வண்டி அதே வேகத்துக்குத்தான் வருகிறது. ஆனால் வெடுக்கென்று விட்டால் நின்றுகொண்டிருப்பவர் கடைசி சீட்டில் கிடப்பார்.

சோதனைகளிலிருந்து அவர் எடுத்த எல்லைகள்: உச்சம் 21 ஜி-க்கு (ஒரு ஜி என்பது நம் உடம்பின் இயல்பான எடை அளவு விசை) மேல் போகக்கூடாது, அது 0.1 வினாடிக்கு மேல் நீடிக்கக்கூடாது, ஏறும் வீதம் வினாடிக்கு 300 ஜி-யைத் தாண்டக்கூடாது.

கணக்காகப் பாருங்கள். வாலைத் தாண்ட வினாடிக்கு 18 மீட்டர் வேகம் வேண்டும், குழாய் நீளம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விசை சீராக இருந்தால் 11 ஜி போதும். ஆனால் ஒரே தோட்டா வெடித்தால் விசை சீராக இருக்காது. முதல் கணத்தில் எகிறி, பிறகு தொய்ந்துவிடும். அதனால் இரண்டு தோட்டா வைத்தார். முதலாவது மெல்லக் கிளப்பும், குழாய் நீளத் தொடங்கியதும் இரண்டாவது பற்றிக்கொள்ளும்.

உங்கள் துறைக்கு இன்னொன்று. முதுகு குனிந்திருந்தால் முள்ளெலும்பின் முன்பக்கம் ஆப்பு போல நசுங்கும். அதற்காகக் காலுக்கு மிதிகட்டை. இயக்கும் கைப்பிடியும் தலைக்கு மேல். இரண்டு கையாலும் அதை முகத்துக்கு முன் இழுக்கும்போது முதுகு தானாக நிமிரும், கூடவே வரும் திரை முகத்தைக் காற்றிலிருந்து மறைக்கும். ஒரே இழுப்பில் மூன்று வேலை. அந்த சீட்டுகளில் வேலை பார்க்கும்போதெல்லாம் இதை நினைத்து வியந்திருக்கிறேன்.

ஆசிக், நாகர்கோவில்: பறக்கும் விமானத்திலிருந்து எப்போது சோதித்தார்கள்?

1945 மே மாதம், டிஃபயன்ட் என்ற விமானத்திலிருந்து பொம்மையை வைத்து. டிஃபயன்ட் போரில் சோபிக்காத விமானம். விமானிக்குப் பின்னால் சுழலும் துப்பாக்கிக் கூண்டு, முன்னோக்கிச் சுட ஒன்றுமில்லை. மின்சாரம் போனால் கூண்டு திரும்பாது, உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது. ஆட்களைச் சிறைவைத்த விமானம் கடைசியில் ஆட்களை வெளியேற்றும் சோதனைக்குப் பயன்பட்டது.

1946 ஜூலை 24 அன்று அதே லிஞ்ச், மீட்டியாரின் பின்னிருக்கையில். சால்க்ரோவ் விமானத்தளத்துக்கு மேலே 8,000 அடி, மணிக்கு 320 மைல். தோட்டா வெடித்து சீட் கிளம்பியது. சீட்டை ஒரு சின்ன பாராசூட் நிலைப்படுத்தியது. மற்றதெல்லாம் அவரே செய்ய வேண்டும்: வாரைக் கழற்றி, சீட்டிலிருந்து விலகி, தன் பாராசூட்டை இழுத்துத் திறக்க வேண்டும். செய்தார். அடுத்த மாதமே, ஆகஸ்ட் 17 அன்று, அமெரிக்காவில் சார்ஜன்ட் லாரன்ஸ் லாம்பர்ட் பி-61 விமானத்திலிருந்து இதைச் செய்தார். பிரிட்டனில் நிஜ ஆபத்தில் முதலில் பயன்படுத்தியது ஜோ லங்காஸ்டர், 1949 மே 30, வாலே இல்லாத ஏ.டபிள்யூ.52 விமானத்திலிருந்து.

ஜெனிஃபர், தூத்துக்குடி: ஜெர்மனியில் இதற்காகக் கைதிகளைக் கொன்றார்கள் என்பது உண்மையா?

இரண்டு விஷயங்கள் கலந்துவிட்டன. நாஜிகளின் டாக்காவ் வதைமுகாமில் 1942-ல் கைதிகளைக் காற்றழுத்தம் குறைந்த அறையில் அடைத்து, மிக உயரத்திலிருந்து குதிப்பவருக்கு என்ன ஆகும் என்று பார்த்தார்கள். பலர் இறந்தார்கள். அது நடந்த குற்றம். ஆனால் அது சீட்டின் உந்துதலைச் சோதித்ததல்ல, உயரத்தைப் பற்றியது. போருக்குப் பின் நியூரம்பெர்க் மருத்துவர்கள் வழக்கில் அது விசாரிக்கப்பட்டது. எஜெக்‌ஷன் சீட் வரலாற்றை ரசித்துப் படிப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகக்கூடாது என்பதால் கேட்டதற்கு நன்றி.

வேலு, ஆவடி: நம்ம ஊருக்கு இதில் ஏதாவது தொடர்பு?

உண்டு. மூடியைத் தோட்டாவால் தள்ளிய ஃபோக்க-வுல்ஃப் 190-ஐ வடிவமைத்த கர்ட் டாங்க்தான் பிறகு பெங்களூரு எச்.ஏ.எல் விமானத் தொழிற்சாலையில் மாருத் போர்விமானத்தை வடிவமைத்தார். அது 1961 ஜூனில் பறந்தது. அதற்கு மார்ட்டின்-பேக்கர் சீட். நம் நாட் விமானத்தின் சீட்டோ ஸ்வீடன் சாப் வழி வந்தது. அந்த நாட் விமானத்தை மேம்படுத்தி அஜீத் செய்தபோது மார்ட்டின்-பேக்கருக்கு மாறினார்கள்.

பாலா, கோவை: மறுபடியும் நான்தான். தலைக்கு மேல் இருந்த கைப்பிடி இப்போது தொடைகளுக்கு நடுவே இருக்கிறதே, ஏன்?

விமானம் சுழலும்போது நாலைந்து ஜி ஏறினால் கையைத் தலைக்கு மேல் தூக்கவே முடியாது, மடியில் ஈயம் போலக் கிடக்கும். மேலும் ஹெல்மெட்டில் கண்ணாடி மறைப்பு வந்த பிறகு முகத்திரைக்கு வேலை குறைந்தது. கொஞ்ச காலம் இரண்டு கைப்பிடியும் சேர்ந்தே இருந்தன. அப்போது, தரையில் சீட் தவறி இயங்காமல் தடுக்க நாங்கள் செருகும் பாதுகாப்பு ஊசிகளும் அதிகம். காக்பிட்டில் தலையை விடுமுன் ஊசிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவோம். இன்றும் கார் கதவைத் திறக்குமுன் என் கை ஒரு கணம் நிற்கும். வீட்டில் கிண்டல் செய்வார்கள்.