கற்பனைப் படப் போஸ்டரின் அடியில் வரும் பெயர்கள் செயற்கையாகத் தெரிகின்றன: பதில்

எழுத்துருவைப் பக்கவாட்டில் நசுக்குவதை விட்டுவிட்டு, குறுகலாகவே வரையப்பட்ட ஓர் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, ஆட்களின் பெயர்களைப் பெரிதாகவும் ‘ஒளிப்பதிவு’, ‘இசை’ போன்ற பொறுப்புகளை ஏறத்தாழ அதில் பாதி உயரத்திலும் அமைத்தால், உங்கள் போஸ்டரின் அடிப்பகுதி நம்பும்படியாக வந்துவிடும்.

நீங்கள் குறிப்பிடும் செயற்கைத் தோற்றத்துக்குப் பெரும்பாலும் அந்த நசுக்கலே காரணம். அகலத்தை மட்டும் குறைக்கும்போது செங்குத்துக் கோடுகள் மெலிந்துவிட, கிடைக்கோடுகள் பழைய தடிமனிலேயே நின்றுவிடுகின்றன. ‘ப’ என்ற எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதன் அடிக்கோடு பக்கக்கோடுகளைவிடத் தெளிவாகத் தடித்திருந்தால், கோளாறு அங்கேதான்.

தமிழ் எழுத்துகளுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு: ‘ண’, ‘ஞ’ ஆகியவற்றின் சுழிகள் சிறிய அளவில் மை நிரம்பி அடைபட்டுவிடக்கூடும் என்பதால், திரையை மட்டும் நம்பாமல், அந்தப் பகுதியை உண்மை அளவில் ஒருமுறை அச்சிட்டுப் பார்த்த பிறகே அளவை முடிவு செய்யுங்கள்.