கேள்வி – பதில்: கடலுக்கு அஞ்சிக் கலைக்கப்பட்ட ஊராட்சி

கேள்வி: நெதர்லாந்தின் ஸ்கொக்லாந்து தீவு ஊராட்சி ஏன் கலைக்கப்பட்டது? அதன் பழைய பதிவுகளை எப்படித் தேடுவது?

பதில்: ஸ்கொக்லாந்தின் அடிமண் கரிமண், அதாவது மட்கிய செடிகொடிகளால் ஆன மண். அது உலர உலரச் சுருங்கித் தாழ்ந்துகொண்டே போனது. கரையையோ ஸாய்டர்ஸே கடல் அரித்தது. மக்கள் ஒருசில மண்மேடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். 1825 பிப்ரவரிப் புயல்வெள்ளத்தில் 13 பேர் இறந்தனர். கரையைக் காக்கும் செலவு கட்டுப்படியாகாமல், சுமார் 650 பேரையும் அரசு வெளியேற்றியது. 1859 ஜூலை 10-ல் ஊராட்சி கலைந்து, நிலம் காம்பென் நகரோடு சேர்ந்தது. சொந்த மண்ணைவிட்டுப் போனவர்கள் பரம ஏழை மீனவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

தேடும்போது இரண்டு இடங்களில் தடுமாறுவார்கள். 1942-ல் கடல்நீர் வடிக்கப்பட்டுத் தீவு நிலத்தோடு சேர்ந்தது. இன்று அது பிளெவோலாந்து மாகாணத்தில் இருக்கிறது. ஆனால் 1811 முதலான பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளை, அப்போது தீவு இருந்த ஓவரைசல் மாகாணத்தின் கீழ்தான் தேட வேண்டும். அடுத்தது, தீவின் பழைய குடியிருப்புகளான எம்மலோர்ட், என்ஸ் என்ற பெயர்கள். இன்று அந்தப் பெயர்களில் இருப்பவை, கடல் வற்றிய பிறகு கட்டிய புதிய ஊர்கள். பழைய எம்மலோர்ட் தீவின் வடமுனையில் இருந்த கத்தோலிக்கக் குடியிருப்பு.