கேபினெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவோம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் மொபைல் பற்றிக் கேட்டவர்களை விட, பழைய கேமிங் சிஸ்டத்தை வைத்துக்கொண்டு விழிப்பவர்கள்தான் அதிகம். காரணம் தெரிந்ததுதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதே மாதத்தோடு ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசை கிராபிக்ஸ் கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தருவதை என்விடியாவும் நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 வரை வரும் என்றார்கள். ஒரே மாதத்தில் இரண்டு அடி, போதாக்குறைக்கு ரேம் விலை வேறு. சரி, கடிதங்களுக்குப் போவோம்.

கேள்வி: 2018-இல் அசெம்பிள் செய்த சிஸ்டம். ரைசன் 5 2600, பி450 போர்டு, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). கேம் எல்லாம் ஹார்டு டிஸ்கில். மானிட்டர் 1080பி, 144 ஹெர்ட்ஸ். கையில் 50,000 ரூபாய் இருக்கிறது. எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் புது செட் எடுக்கச் சொல்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா?
— திருச்சி வாசகர்

பதில்: எடுக்காதீர்கள். உங்கள் போர்டில் இருப்பது ஏஎம்4 சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்). 2017-இல் முதல் ரைசன் உட்கார்ந்த அந்த சாக்கெட்டுக்கு ஏஎம்டி பல வருடம் புதுப் புது ப்ராசஸர் இறக்கிக்கொண்டே இருந்தது, அதனால் 2022-இல் வந்த ரைசன் 5 5600-ஐ உங்கள் 2018 போர்டிலேயே உட்கார வைக்கலாம், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தால் போதும். கடைக்காரர் இதைச் சொல்லவில்லை என்றால் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், தெரிந்தும் சொல்லாமல் இருக்கலாம். புது செட் விற்பதில்தானே அவருக்கு லாபம்.

காசை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு, வி-சிங்க் (மானிட்டர் வேகத்தோடு கேமைப் பூட்டும் வசதி), எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) கட்டுப்பாடு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாக விளையாடும் கேமை ஓடவிட்டு, திரை மூலையில் ஜிபியு (கார்டு) பயன்பாடு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 97, 99 என்று முட்டிக்கொண்டு நின்றால் மூச்சு வாங்குவது கார்டு. 60, 70-இல் ஊசலாடிக்கொண்டே கேம் திக்கித் திக்கி ஓடினால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, ப்ராசஸரோ ரேமோதான் அதற்கு வேலை கொடுக்க முடியாமல் திணறுகிறது. நம்பிக்கை வரவில்லையா, கேமின் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் குற்றவாளி கார்டு, ஏறவே இல்லை என்றால் மற்ற இரண்டில் ஒன்று. உங்கள் சிஸ்டத்தில், என் கணிப்பில், வேலரன்ட் மாதிரி இலகுவான கேமில் ஒரு பதிலும் புதிய பெரிய கேம்களில் வேறொரு பதிலும் வரும். அதுதான் உங்கள் வயதுள்ள சிஸ்டங்களின் வியாதி, எல்லாம் சேர்ந்தே கிழடாகியிருக்கும்.

முதல் செலவு ரேம். ஒரே ஸ்டிக் என்றால் மெமரி ஒரு சேனலில்தான் ஓடுகிறது, ரைசனுக்கு அது பாதி வயிற்றுச் சாப்பாடு. அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக் வாங்கி, ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள் (போர்டில் இரண்டே ஸ்லாட் என்றால் குழப்பமே இல்லை). பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி புரொஃபைலை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) இயக்குங்கள். 3200 என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் ரேம் அதை இயக்காவிட்டால் 2133-லோ 2400-லோ தூங்கிக்கொண்டிருக்கும். ஏழு வருடமாக அப்படியே தூங்கிக்கொண்டிருக்கும் எத்தனையோ சிஸ்டங்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ப்ராசஸர். பழைய 2600 உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும், மாற்றியபின் அல்ல. போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்குரிய ப்ராசஸர் பட்டியலில் 5600-க்கு எந்தப் பதிப்பு என்று போட்டிருப்பார்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டு செங்கல்தான், ஆகவே யுபிஎஸ் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதி) ஓடினால் அதைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, அதன் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றும்போது ஒரு கண்டம் இருக்கிறது. ஏஎம்4-இல் ஊசிகள் ப்ராசஸரின் அடியில் இருக்கின்றன. ஏழு வருடத்துத் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சிமெண்ட் மாதிரி ஒட்டியிருக்கும், கூலரை நேராகத் தூக்கினால் லீவர் பூட்டியிருந்தாலும் ப்ராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், ஊசிகள் வளையும். பத்து நிமிடம் ஏதாவது கேமை ஓட்டிச் சூடேற்றி, சிஸ்டத்தை நிறுத்திய கையோடு கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, அது வழுக்கத் தொடங்கிய பிறகே தூக்குங்கள். 5600-க்குப் பெட்டியிலேயே கூலர் வரும், 65 வாட்தான், தனியாக வாங்க வேண்டாம்.

கடைசியில்தான் கார்டு, பணத்தில் பெரும்பங்கும் அதற்குத்தான். இங்கே போர்டின் வயது குறுக்கே வருகிறது. பி450-இல் கிராபிக்ஸ் ஸ்லாட் பிசிஐஇ 3.0, பழைய தலைமுறை. ஆர்டிஎக்ஸ் 4060, 5060 இரண்டும் எட்டு லேன் (தரவு போகும் பாதை) மட்டுமே பயன்படுத்துபவை, ஆக அந்த ஸ்லாட்டில் அவற்றுக்குக் கிடைப்பது குறுகிய சந்து. 8 ஜிபி மெமரிக்குள் கேம் அடங்கும் வரை பெரிதாகத் தெரியாது. நிரம்பி வழிந்து சிஸ்டம் ரேமிலிருந்து எடுக்க ஆரம்பித்ததும் அந்தச் சந்தில் நெரிசலாகி, கேம் தடுக்கித் தடுக்கி விழும். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி பதினாறு லேனும் பயன்படுத்துகிறது, 16 ஜிபி மெமரியோடும் வருகிறது, கார்டு இழுப்பது 160 வாட். உங்கள் போர்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன். பட்ஜெட் ஒரே மூச்சில் தாங்காவிட்டால் இப்போது ரேமும் ப்ராசஸரும், சில மாதம் கழித்துக் கார்டு. அவசரத்துக்கு 8 ஜிபி கார்டு வாங்கிவிட்டுப் பின்னால் புலம்பாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, யாரும் கேட்பதில்லை. 450 வாட் என்று ஸ்டிக்கர் சொல்வதை விட்டுவிட்டு, பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு மட்டும் எத்தனை வாட் என்று பாருங்கள். மொத்தத்துக்குக் கிட்டத்தட்ட சமமாக இருந்தால் நல்ல சரக்கு. அது 300-க்குக் கீழே என்றாலோ, கார்டுக்கான 8 பின் கேபிள் இல்லாமல் சாட்டா கேபிளிலிருந்து (ஹார்டு டிஸ்க்குக்குக் கரண்ட் தருவது) மாற்று ஒயர் போடலாம் என்று யாராவது சொன்னாலோ, முதலில் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள். சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட், 8 பின் கேட்பது 150 வரை. உருகிப்போன முனைகளைப் பார்த்தவன் சொல்கிறேன்.

அப்படி மாற்றினால் பழைய கேபிள்களையும் சேர்த்தே கழற்றுங்கள். கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ்ஸில் முனை ஒரே மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஒயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில நேரம் மாடலுக்கு மாடல் வேறு. கேபினெட்டுக்குப் பின்னால் அழகாகக் கட்டி வைத்த பழைய கேபிளைப் பிரிக்கச் சோம்பேறித்தனப்பட்டு அப்படியே புதியதில் செருகி, ஒரே நொடியில் 2 டிபி ஹார்டு டிஸ்க்கைச் சாம்பிராணி போட்டவன் நான். குடும்ப போட்டோ எல்லாம் அதில்தான் இருந்தது. வீட்டில் அதை இன்னும் மறக்கவில்லை.

கேள்வி: ஐ5 7400, 16 ஜிபி டிடிஆர்4 ரேம். ஐ5 எட்டாம் தலைமுறையும் அதே 1151 சாக்கெட் என்கிறார்களே, அதை வாங்கிப் போட்டால் விண்டோஸ் 11 ஏற்றலாம் அல்லவா?
— நாகர்கோவில் வாசகர்

பதில்: எண் ஒன்றுதான், வேலை செய்யாது. எட்டாம் தலைமுறைக்கு இன்டெல் 300 வரிசை போர்டு கேட்டது. உங்கள் 100 அல்லது 200 வரிசை போர்டில் அதிகபட்சம் ஐ7 7700 வரைதான், அதையும் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. இரண்டாம் கையில் அந்த ஐ7-க்குக் கேட்கிற விலையைக் கேட்டால் சிரிப்பு வரும்.

போர்டும் ப்ராசஸரும் சேர்த்தே மாற்ற வேண்டியதுதான். வழக்கமாக நான் டிடிஆர்5 போர்டுக்குப் போகச் சொல்லியிருப்பேன், இப்போது சொல்லவில்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025-இன் கடைசி மாதங்களிலிருந்து ரேம் விலை எகிறிவிட்டது, கையில் இருக்கும் 16 ஜிபி டிடிஆர்4 இன்றைக்குத் தங்கம். அதை வீணாக்காமல், டிடிஆர்4 ஏற்கும் பி660 அல்லது எச்610 போர்டில் ஐ5 12400எஃப் போடுங்கள், இல்லையென்றால் பி550 போர்டில் ரைசன் 5 5600. இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், உங்கள் நான்குக்கு நான்கோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும். பி660 போர்டில் ஒரே பெயரில் டிடிஆர்4, டிடிஆர்5 என்று இரண்டு வகை உண்டு, பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். இந்த இரண்டு ப்ராசஸரிலும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனிக் கார்டு இல்லாமல் திரையில் படம் வராது.

கேள்வி: புது கார்டு போட்ட பிறகு கேம் நடுவில் கரண்ட் போனால் யுபிஎஸ் ஒரு முறை கத்திவிட்டு சிஸ்டமே அணைந்துவிடுகிறது. பாட்டரியை மாற்றியும் அதே கதை. யுபிஎஸ் 600 விஏ.
— விருதுநகர் வாசகர்

பதில்: 600 என்பது வாட் அல்ல. அந்த அளவு யுபிஎஸ்கள் பெரும்பாலும் 360 வாட் அளவுதான் தரும், பின்பக்க ஸ்டிக்கரில் வாட் கணக்கு தனியாக இருக்கும், பாருங்கள். ப்ராசஸர், கார்டு, மானிட்டர் எல்லாம் கேமின் உச்சத்தில் சேர்ந்து இழுத்தால் அது மூச்சை நிறுத்திவிடுகிறது. மலிவு யுபிஎஸ் தருவது படிப்படியான மின் அலை, நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சிலவற்றுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை என்ற சிக்கலும் உண்டு. கரண்ட் இருக்கும்போது டெஸ்க்டாப்பைச் சும்மா வைத்துவிட்டு யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். அப்போது அணையாமல் கேமில் மட்டும் அணைந்தால் வாட் போதவில்லை, 1000 விஏ-க்கு மேல் போங்கள். சும்மா இருக்கும்போதே அணைந்தால் அலைதான் பிரச்சினை, சைன் வேவ் (சீரான அலை) தரும் யுபிஎஸ் தேவை.

கேள்வி: ரிச்சி தெருவில் ஆர்எக்ஸ் 580 8 ஜிபி பழைய கார்டு மிக மலிவாகச் சொல்கிறார்கள். நம்பலாமா?
— சென்னை வாசகர்

பதில்: தெருவை நம்பலாம், கார்டைச் சோதித்த பிறகு. அங்கேயே ஒரு சிஸ்டத்தில் போட்டு, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டச் சொல்லுங்கள். அசல் 580-க்கு 2304 ஷேடர் (கார்டுக்குள் இருக்கும் கணக்கீட்டு அலகு), 2048 என்று காட்டினால் அது பெயரை மட்டும் கடன் வாங்கிய தம்பி. அரை மணி நேரம் கனமான கேம் ஓட்டிப் பார்க்க விடமாட்டேன் என்றால் அடுத்த கடைக்கு நடங்கள். எத்தீரியம் மைனிங் (கார்டை ஓட்டி கிரிப்டோ பணம் எடுப்பது) 2022 செப்டம்பரில் நின்றபோது இந்தக் கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன, இராப்பகலாக ஓடிய விசிறிதான் முதலில் போகும், விரலால் சுற்றி ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். இன்னொன்று, ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரையும் வசதி) இந்தக் கார்டில் கிடையாது, அது இல்லாமல் திறக்கவே திறக்காத கேம்கள் வர ஆரம்பித்துவிட்டன, 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் அப்படித்தான். பழைய கேம்களுக்கு மட்டும் என்றால் வாங்குங்கள்.

கேள்வி: பத்தாவது படிக்கும் பையன், சிஸ்டம் சூடாகி நின்றுவிடுகிறது என்று கலர் விளக்கு விசிறி வைத்த புது கேபினெட் கேட்கிறான். ஆறு வருடச் சிஸ்டம். வாங்கித் தரலாமா?
— தூத்துக்குடியிலிருந்து ஒரு அம்மா

பதில்: அம்மா, முதலில் அதைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மொட்டை மாடியில் வைத்து, புளோயரால் அடிக்க வேண்டும். அடிக்கும்போது விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளட்டும், கன்னாபின்னாவென்று சுற்றவிட்டால் கெட்டுவிடும். அப்புறம் தெர்மல் பேஸ்ட் ஒரு சின்ன டியூப். கடலோர ஊர் வேறு, உப்புக் காற்று ஸ்லாட்டுகளில் பாசி மாதிரி படியும், ரேமைக் கழற்றி அதன் தங்க நிறப் பற்களை வெறும் அழிரப்பரால் துடைத்து மாட்டலாம். இவ்வளவும் செய்து சூடு குறையாவிட்டால் கேபினெட் பற்றிப் பேசலாம், அப்போதும் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை வைத்ததாகப் பாருங்கள். கலர் விளக்கு அவன் சேமிப்பில் வாங்கிக்கொள்ளட்டும்.

கேள்வி: ஐ5 10400 சிஸ்டத்தில் ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கிப் போட்டு ஒரு மாதம் ஆகிறது அண்ணே. டிரைவர் எல்லாம் போட்டாயிற்று. முன்பிருந்ததற்கும் இப்போதைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. கார்டு போலியா?
— பெயர் வேண்டாம் என்றவர், ஈரோடு

பதில்: தம்பி, சிஸ்டத்தின் பின்பக்கம் போய் மானிட்டர் ஒயர் எதில் செருகியிருக்கிறது என்று பாருங்கள். மேலே யுஎஸ்பி ஓட்டைகளுக்குப் பக்கத்தில் என்றால் அது போர்டின் எச்டிஎம்ஐ (படம் புது கார்டிலிருந்து வரவில்லை), கீழே படுக்கை வசமாக இருப்பதுதான் கார்டினுடையது. மாற்றிச் செருகிவிட்டு, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் ரெஃப்ரெஷ் ரேட் 60-லேயே நிற்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஒயர் அங்கேதான் இருந்தது என்றால் பதில் கடிதம் எழுத வேண்டாம், பெயர் போடாததும் நல்லதாயிற்று.